முகலாயர் வராத தெருவில் ஒரு முகலாயச் சுற்றுலா

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் தனி வேனும் தனிக் கைடும் அமர்த்திக்கொண்டு ஒருநாள் சுற்றுகிறவர்களுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் முன்னால் கிடைக்கும் முதல் தகவல் அநேகமாக ஒன்றுதான்: இது முகலாயப் பாணிக் கட்டடம். கையேடுகளும் அதையே சொல்கின்றன. வெங்காய வடிவக் கும்மட்டம், மூலைகளில் குட்டி மாடங்கள், வளைவுகள் நிறைந்த முகப்பு, தெருமுனையில் தனித்து நிற்கும் மனோரா எல்லாம் சேர்ந்து, தாஜ்மகாலைப் படத்தில் மட்டும் பார்த்தவருக்குக்கூட ஒரு பழகிய சாயலைக் காட்டிவிடுகின்றன. பயணி தலையாட்டுகிறார், படம் எடுக்கிறார், வேன் கிளம்புகிறது. அந்தத் தகவல் எவ்வளவு சரி? அதை நம்பி விற்கப்படும் ஒருநாள் பயணம் கொடுத்த காசுக்குப் பெறுமா? இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். முதலாவதில் கோளாறு இருந்தால் அது இரண்டாவதையும் கெடுத்துவிடுகிறது.

ஒப்பிட ஓர் அசல் தேவை. தில்லியிலிருந்து ஆக்ராவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் தனிப் பயணம்தான் இந்த வணிகத்தின் மூலவடிவம். 2012-இல் யமுனா விரைவுச்சாலையும் 2016-இல் கதிமான் விரைவு ரயிலும் வந்தபின் அது இன்னும் எளிதாகிவிட்டது. அதன் குறைகள் ஊரறிந்தவை. சலவைக்கல் கடையில் கேட்காமலே ஒரு நிறுத்தம் இருக்கும். அதற்குப் பின்னால் கமிஷன் இருக்கும். பாதி நாள் காரிலேயே போகும். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும் என்பதை முன்பே விசாரிக்காதவர் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அயல்நாட்டவருக்கு 1,100 ரூபாய் நுழைவுக் கட்டணம், கல்லறை மாடத்துக்குள் போக மேலும் 200. இத்தனை இருந்தும் அந்தப் பயணம் தோற்பதில்லை.

காரணம் பார்க்கப் போகிற பொருளில் இருக்கிறது. 1632-இல் ஷாஜகான் தொடங்கிய கல்லறை. அவருடைய பாட்டனார் அக்பர் 1565-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை. அதே கோட்டையில் ஷாஜகானை அடைத்துவைத்த மகன் ஔரங்கசீப். ஒரு குடும்பம், ஒரு கஜானா, ஒரே ஆற்றங்கரை. கைடு சுமாராகச் சொன்னாலும் கட்டடமே மீதியைச் சொல்லிவிடும். தாஜுக்குள் கைடு இல்லாமல் போகிறவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை என்றே நான் சொல்வேன். வாயில், தோட்டம், நீரோடை, மேடை, கல்லறை என்று கண்ணை அழைத்துப் போகும் வேலையை அதைத் திட்டமிட்டவர்களே முடித்துவைத்திருக்கிறார்கள். பேரரசன் தன்னைப் பார்க்க வேண்டும் என்று கட்டியதைப் பார்க்க இடைத்தரகர் எதற்கு?

பினாங்கில் கதை வேறு. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடியேற்றியபோது, சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எதிரே கெடா கரையில் பல காலமாகவே துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள். புதிய துறைமுகம் அவர்களுக்குப் புதிய சந்தை ஆனது. சூலியாக்கள் என்று கம்பெனி அழைத்த அந்தச் சமூகத்துக்குக் கப்பித்தானாக, அதாவது அரசு ஒப்புக்கொண்ட தலைவராக, காதர் முகைதீன் மரைக்காயர் இருந்தார். 1801-இல் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் லீத் பள்ளிவாசலுக்குப் பதினெட்டு ஏக்கர் நிலம் வழங்கினார். அந்த ஆண்டில் தில்லி அரியணையில் இருந்தவர் இரண்டாம் ஷா ஆலம். 1788-இல் கண்கள் பறிக்கப்பட்டு, மராட்டிய சிந்தியாவின் தயவில் பெயருக்குப் பேரரசராக உட்கார்ந்திருந்த முதியவர். அவருக்கும் பினாங்கில் பள்ளிவாசல் எழுப்பிய கப்பல் வணிகர்களுக்கும் இடையில் ஒரு நூலிழைத் தொடர்பும் கிடையாது.

பாணியிலும் கிடையாது. தமிழ்க் கரையின் பழைய பள்ளிவாசல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வரிசை வரிசையாகக் கல்தூண், மேலே தட்டைக் கூரை, தூணுக்கு மேல் போதிகை. சிற்பத்தில் உருவங்களை மட்டும் தவிர்த்துவிட்டு, கோயில் மண்டபம் கட்டிய அதே கைகள் கட்டிய கட்டடங்கள் அவை. கும்மட்டத்துக்கு அங்கே பெரிய இடமில்லை. நாகூர் தர்காவின் அடையாளமும் அதன் மனோராக்கள்தாம். அவற்றில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். மரைக்காயர்கள் கடல் கடந்து கொண்டுவந்திருக்கக்கூடிய மரபு இதுதான். ஆக்ரா அவர்களுக்கும் அயலூரே.

அப்படியானால் கும்மட்டம் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில்தான் கைடின் கதை மௌனமாகிறது; எனக்கோ இதுதான் இந்தத் தெருவிலேயே மிகவும் சுவையான கதை.

ஒரு நூற்றாண்டுக் காலம் பள்ளிவாசலையும் அதன் வக்ஃபு நிலங்களையும் கப்பித்தான் வழிவந்தவர்களும் சமூகப் பெரியவர்களும் பார்த்துக்கொண்டார்கள். நிர்வாகத்தில் சண்டை வந்தது, வழக்கு வந்தது. காலனி அரசு 1905-இல் முகமதிய இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்து, அறநிலைய வாரியம் ஒன்றை அமைத்துச் சொத்துகளின் பொறுப்பை எடுத்துக்கொண்டது. பள்ளிவாசலைச் சுற்றி நெருக்கமாக இருந்த வக்ஃபுக் குடியிருப்புகள் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றப்பட்டன. இதன் தொடர்ச்சியாக 1910களில் எச். ஏ. நியூப்ரொனர் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் பள்ளிவாசல் புது உருவம் பெற்றது. 1930களில் மறுபடியும் மாற்றினார்கள். இன்று பயணி பார்ப்பது இந்த உருவத்தைத்தான். கட்டடத்தை முழுதாகப் படம் எடுக்க வசதியாக முன்னால் விரிந்து கிடக்கிறதே திறந்தவெளி, அது இயற்கையாக வாய்த்ததல்ல. ஆட்கள் வாழ்ந்த இடம் காலியானதால் வந்தது. பினாங்கு வரலாற்றாய்வாளர் கூ சல்மா நசுத்தியோன் 2014-இல் வெளியிட்ட 'தி சூலியா இன் பினாங்' என்ற பெரிய நூல் இந்தப் பள்ளிவாசலைச் சுற்றி எழுந்த வாழ்க்கையையும் அது கலைந்த விதத்தையும் விரிவாகச் சொல்கிறது. கைடுகளுக்குப் பாடநூலாக வைக்கவேண்டிய புத்தகம்.

அந்த உருவமும் பினாங்குக்கு மட்டும் உரியதல்ல. முகலாயச் சாயல் அந்தக் காலத்தில் மலாயா முழுக்க அரசாங்கத்தின் சீருடைபோல ஆகியிருந்தது. கோலாலம்பூரில் 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாத் கட்டடம், ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்ட ஜமேக் பள்ளிவாசல், அவரே வடிவமைத்து அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட ரயில் நிலையம் எல்லாம் ஒரே வார்ப்பு. முஸ்லிம்கள் வாழும் நாடு என்றால் கும்மட்டம் வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரப் பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். அதற்கான மாதிரிகளை இந்தியாவிலிருந்து எடுத்தார்கள். மதராசில் இந்தப் பழக்கம் இன்னும் முந்தியது. 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையை இந்தோ-சாரசெனிக் பாணியின் முதல் கட்டடமாகப் பலர் சொல்வார்கள். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஹென்றி இர்வின் கட்டிய விக்டோரியா நினைவு மண்டபம், ஃபதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசாவைப் பார்த்து வரைந்தது. அதைக் காட்டி "முகலாயர் கட்டியது" என்று சென்னையில் யாராவது சொன்னால் சிரிப்போம். பினாங்கில் சொன்னால் குறித்துக்கொள்கிறோம்.

ஆகவே "முகலாயப் பாணி" என்ற அறிமுகம் கண்ணுக்குச் சரி, வரலாற்றுக்குத் தவறு. கட்டியவர்கள் தமிழ் வணிகர்கள். இன்றைய தோற்றத்தைக் கொடுத்தது பிரிட்டிஷ் நிர்வாகக் காலத்தின் ரசனை. முகலாயர் என்ற சொல் இந்த இருவரையும் மறைத்துவிட்டு நடுவில் வந்து நிற்கிறது. தென்கிழக்காசியாவில் உண்மையான முகலாய நினைவிடம் வேண்டுமென்றால் போகவேண்டிய ஊர் யாங்கூன். கடைசிப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபர் நாடுகடத்தப்பட்டு 1862-இல் இறந்தது அங்கேதான். அவர் புதைக்கப்பட்ட இடமே மறைந்துபோய் 1991-இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. கும்மட்டப் பெருமை பேசும் எந்தப் பயணத் திட்டமும் அவரை நினைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, அதையும் கேட்டாக வேண்டும். நூறாண்டுக்கு மேல் இந்தக் கும்மட்டத்தின் கீழே தொழுதுவரும் சமூகத்துக்கு அது சொந்தமாகிவிட்டது. வரைந்தவர் யார் என்று கேட்டுக்கொண்டா ஒருவர் தொழப் போகிறார்? கட்டடத்தின் பாணியைப் "போலி" என்று ஒதுக்குவது, முகலாயம் என்று புகழ்வதைவிட மோசமான பிழை. பாணியைப் பற்றிய என் வழக்கு பள்ளிவாசல் மீதல்ல, அதை விற்கும் கதை மீது. ஸ்வெட்டன்ஹாம் துறையில் சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கிச் சில மணி நேரம் மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு வக்ஃபு வரலாறு எதற்கு என்ற கேள்வியும் நியாயம்தான். ஒரு பிடிமானச் சொல் கொடுத்தால் அவர் நினைவில் வைத்துக்கொள்வார். சரி, பிடிமானமாக "தமிழ் வணிகர்கள் கட்டியது" என்று சொன்னால் மறந்துவிடுவாரா? அதைச் சொல்லவும் அதே சில நொடிகள்தான் ஆகும்.

சொல்லை விட்டுப் பாதைக்கு வருவோம். ஒருநாள் தனிப் பயணத்தின் உண்மையான பலவீனம் பாதையில் இருக்கிறது. வழக்கமான பட்டியலில் பினாங்கு மலை ரயில், கெக் லோக் சி கோயில், சயன புத்தர், செவ் படகுத்துறை, ஆர்மீனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் ஜக்காரவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியம், இடையில் ஒரு சாக்லேட் கடையோ காபிக் கடையோ எல்லாம் அடைபட்டிருக்கும். பள்ளிவாசலுக்கு மிஞ்சுவது மேலங்கி வாங்கிப் போட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுக்கும் நேரம். தொழுகை வேளையில் வந்தால் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் வேன் நிறுத்தினால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். சுவரோவியத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும் நேரம் பள்ளிவாசலுக்குள் செலவிடும் நேரத்தைவிட அதிகம் என்றால், அந்தப் பயணத்தை மரபுச் சுற்றுலா என்று அழைப்பது கொஞ்சம் துணிச்சல்தான்.

இத்தனைக்கும் வேனே தேவையில்லாத தெரு இந்தக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. ஃபார்குவார் தெருமுனையில் 1818-ஐச் சேர்ந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கொஞ்சம் நடந்தால் குவான் யின் கோயில், குயின் தெருவைப் பார்த்தபடி 1833-இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், அதன் பின்பக்கம் இந்தச் சாலையைத் தொடும், பிறகு பள்ளிவாசல், அதையும் தாண்டினால் 1808-இல் சையது உசேன் ஐதித் நிறுவிய ஆச்சே தெருப் பள்ளிவாசல். எல்லாம் சேர்த்து ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் அடங்கும். "நல்லிணக்கத் தெரு" என்று அரசு இதற்குப் பட்டம் சூட்டியிருக்கிறது. 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் இடம்பெற இப்படிப்பட்ட தெருக்களும் ஒரு காரணம். நகருக்குள் இலவச கேட் பேருந்து ஓடுகிறது. பள்ளிவாசலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பார்ப்பதற்கு என்று எடுத்துக்கொண்டால் இங்கே ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

அப்படியென்றால் கைடு வேண்டாமா? இங்கேதான் என் தீர்ப்பு ஆக்ராவுக்கு நேர்மாறாகத் திரும்புகிறது. தாஜில் கைடு இல்லாமல் சமாளிக்கலாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நல்ல கைடு இல்லாமல் ஒன்றும் விளங்காது. முக்கியமானவை எதுவும் கண்ணுக்குப் படும்படி இல்லை.

சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் இடத்தில் நாகூர் தர்கா சரீப் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, சின்னது, கடைகள் ஒட்டிக் கிடப்பது. கும்மட்டத்தை நோக்கி நடக்கிறவர் கண்ணில் படாமலே கடந்துவிடுவார். கைடு இல்லையென்றால், நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது வலிக்கு இங்கே ஏன் ஒரு நினைவிடம் என்பது புரியாது. கடலில் போகிறவர்களின் காவலர் என்று அவரை நம்பிய மாலுமிகளும் வணிகர்களும் இறங்கிய ஊரிலெல்லாம் அவருக்கு இடம் எடுத்தார்கள். சிங்கப்பூரிலும் 1830 வாக்கில் ஒன்று முடிந்தது. தமிழ் முஸ்லிம்களின் கடல் வாழ்க்கைக்கு ஆதாரம் கேட்டால் பெரிய பள்ளிவாசலைவிட இந்தச் சின்னக் கட்டடத்தைத்தான் காட்டுவேன்.

கம்போங் கோலத்தில் கப்பித்தானின் அடக்கத்தலம் இருக்கிறது. 1834-இல் இறந்தவர். பயணப் பட்டியல்களில் அது வருவதில்லை. பள்ளிவாசலிலிருந்து நடந்தே போய்விடலாம். சூலியா தெருவில் நூர்தீன் குடும்பத்தின் கல்லறைக் கட்டடம் இருக்கிறது. முகமது நூர்தீன் விட்டுச்சென்ற உயிலைப் பற்றி எழுந்த பாத்திமா எதிர் லோகன் வழக்கை, மலேசியாவில் சட்டம் படிக்கிற எந்த மாணவரும் தாண்டிப் போக முடியாது. 1807-ஆம் ஆண்டு சாசனத்தோடு ஆங்கிலச் சட்டம் பினாங்கின் சட்டமாகிவிட்டது என்று 1871-இல் நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். ஒரு தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பத்தின் சொத்துத் தகராறு ஒரு நாட்டின் சட்ட வரலாற்றில் மைல்கல்லாக நிற்கிறது. இதைவிடப் பெரிய செய்தி எந்த வெங்காயக் கும்மட்டத்தில் இருக்கிறது? தமிழ்ப் புலவர் நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தியதும் இதே பினாங்கில்தான். அதையெல்லாம் சொல்லப் பலகை கிடையாது. ஆள்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டையும் விட்டுவிட முடியாது. பள்ளிவாசலை ஒட்டி இரவில் வரிசை நீளும் நாசி கண்டார் கடை, மாலை ஐந்துக்கு ஹோட்டலில் இறக்கிவிடும் பயணத்தின் கணக்கில் வராது. தோளில் காவடியாகச் சோறும் குழம்பும் சுமந்து தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் தொழில் அது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அதை மலாய்ச் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கைடுகளின் பக்கமும் பார்க்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி மலேசியாவில் கைடுக்கு உரிமம் கட்டாயம். பயிற்சி முடித்துத் தேர்வெழுதி வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இந்தக் கதைகள் தெரியாமலில்லை. தெரிந்ததைச் சொல்ல அவர்களுக்கு நேரம் இல்லை. பாதையை முடிவு செய்வது அவர்களல்ல, வேனை விற்கும் நிறுவனம். எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் பல சமயம் அவர்கள் கையில் இருப்பதில்லை. "இது முகலாயப் பாணி" என்ற ஒற்றை வாக்கியத்துக்குக் காரணம் அறியாமையைவிட அட்டவணைதான். இதை அறிவுக் குறை என்று எழுதினால் நியாயமாகாது. வணிகக் குறை என்று எழுதலாம்.

வாங்குகிறவர்களும் பாதிப் பொறுப்பாளிகள். நம்மவர்கள் தனிப் பயணம் பதிவு செய்யும்போது கேட்கும் கேள்வி "எத்தனை இடம்?" என்பதுதான். எட்டு இடம் காட்டுகிறவர் பத்து இடம் காட்டுகிறவரிடம் தோற்றுப்போகிறார். மூன்று இடம் காட்டி முழுக் கதையும் சொல்கிறவருக்குச் சந்தையே இல்லை. தாஜ் நுழைவுச்சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்று இந்தியத் தொல்லியல் துறை விதித்தபோது முணுமுணுத்தார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் யாரும் அப்படி விதிக்கவில்லை. கால் மணியில் கிளம்புவது நாமேதான்.

முடிவாகச் சொல்கிறேன். முகலாயக் கட்டடம் பார்க்கும் ஆசையில் பினாங்கில் தனிப் பயணம் வாங்குவது வீண். அந்த ஆசைக்கு ஆக்ராவும் தில்லியில் ஹுமாயூன் கல்லறையும் இருக்கின்றன. மலை, புத்தர், படகுத்துறை, சுவரோவியம், பள்ளிவாசல் என்று ஒரே நாளில் அடைக்கும் வேன் பயணமும், இந்தத் தெருவைப் பொறுத்தவரை, காசுக்குப் பெறாது. முதியவர்களோடும் குழந்தைகளோடும் வருகிறவர்கள் வெயிலுக்காக வேனை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அதைப் போக்குவரத்துச் செலவு என்று எழுதிக்கொள்ளட்டும். அதே பணத்தில் உரிமம் பெற்ற ஒரு கைடை அரைநாளுக்கு நடைப் பயணமாக அமர்த்தி, நாகூர் தர்காவில் தொடங்கி, நூர்தீன் கல்லறை, பள்ளிவாசல், கம்போங் கோலம் என்று போனால், தமிழர் ஒருவர் மலேசியாவில் செலவிடக்கூடிய மிகச் சிறந்த அரைநாள்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: "நாகூர் தர்காவில் நிறுத்துவீர்களா?" அது பட்டியலில் இல்லை என்று பதில் வந்தால் வேறு கைடைத் தேடுங்கள்.